சொதிக்குச் செனின், மீன் குழம்புக்கு ரோஸ்: வீட்டுச் சாப்பாட்டோடு நாலு மாதம் ஒயின் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒயின் படித்தவன் இல்லை. பத்தொன்பது வருஷம் மும்பையில் செம்பூரில் இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தவன். அங்கே இருந்தபோது நாசிக் பக்கம் நாலைந்து தடவை போய்த் திராட்சைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து ருசி பார்த்த பழக்கம் ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அங்கே சீஸும் பிஸ்கட்டும் வைத்துக் குடித்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் மண்சட்டியில் மீன் குழம்பு, இல்லை சொதி, இல்லை உளுந்தம்பருப்புச் சோறு. இதோடெல்லாம் எது சேரும் என்று நாலு மாதமாக, ஆயிரம் ரூபாய் முன்னே பின்னே விற்கும் நம் நாட்டு ஒயின்களை மட்டும் வைத்துப் பார்த்தேன். கூட உட்கார்ந்தது அண்ணனும் மதினியும். அம்மா குடிப்பதில்லை, மோந்து பார்த்துத் தீர்ப்பு மட்டும் சொல்வாள்.

"மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு" என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அது நம் ஊர்ச் சாப்பாட்டில் நிற்கவே நிற்காது. நாம் மீனையா சாப்பிடுகிறோம், குழம்பைத்தானே சாப்பிடுகிறோம். சட்டியில் புளி கரைத்திருக்கிறதா, தேங்காய்ப்பால் ஊற்றியிருக்கிறதா, எள் வறுத்து அரைத்ததா, மிளகாய் வத்தல் எத்தனை போட்டது, இதைக் கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும். உள்ளே கிடப்பது சாளையா வெள்ளாடா என்பது அதற்கு அப்புறம்.

சொதியில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நாலு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காயின் மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, சிறுபருப்பைக் கடைந்து விட்டு, இரண்டாம் பால் ஊற்றிக் கொதி வந்ததும் கடைசியாக முதல் பாலை ஊற்றிப் பொங்கி வரும்போதே இறக்கி, ஆறினதும் எலுமிச்சம்பழம் பிழிவது. கல்யாணத்துக்கு அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு. புளியும் இல்லை, வத்தலும் இல்லை. காரம் முழுக்கப் பச்சை மிளகாயிலும் இஞ்சியிலும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ்.

இதற்குச் சூலா கம்பெனியின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை வைத்தேன். நாசிக்கில் சூலா 2000-ல் முதன்முதலாக வெளியே விட்ட ஒயின்களில் இது ஒன்று. திராட்சை பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்தது. லேசான இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு, வாயில் கனமே தெரியாது. தனியாகக் குடித்தால் "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சொதிச் சோற்றை ஒரு வாய் வைத்து, இஞ்சித் துவையலை ஒரு இணுக்குத் தொட்டு, அந்தக் காரம் நாக்கின் ஓரத்தில் ஏறும்போது ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு வழித்து எடுத்துவிடுகிறது, இஞ்சிக் காரத்தை அந்த இனிப்பு தணித்துவிடுகிறது, எலுமிச்சை வாசம் இரண்டுக்கும் பொதுவாகப் போய்விடுகிறது. முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே குடித்தோம், கண்ணாடிக் கிளாஸ் வெளியே வேர்த்து வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை, இரண்டாம் தடவை சோறு வாங்கினான். அம்மா கிளாஸை மோந்துவிட்டு, "புளிச்ச பதனி வாடைல்லா அடிக்கு" என்றாள். யோசித்துப் பார்த்தால் சரிதான். நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், அது முக்கியம். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

மதினிக்கு ஒயின் என்றாலே தித்திப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். அது அவர் குற்றமில்லை. பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக்கோடு வந்த சின்ன டம்ளர்தான் முதல் ஒயின். பன்னீர் திராட்சையையும் சீனியையும் பீங்கான் ஜாடியில் போட்டு, கிராம்பு, பட்டை தட்டிப்போட்டுத் துணி கட்டி வைத்தது, பாகு மாதிரி இறங்கும். அந்தப் பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க், கம்பத்தில் விளைவதற்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்த ருசி நாக்கில் இருப்பவரிடம் இனிப்பே இல்லாத சிவப்பு ஒயினைக் கொடுத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

மீன் குழம்பில்தான் நான் முதலில் அடி வாங்கினேன். தேங்காய் அரைத்து, புளி கொஞ்சம் தூக்கலாக விட்ட சாளைக் குழம்பு, முந்தின நாள் வைத்தது. காரமான குழம்புக்குக் கனமான ஒயின்தான் தாங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு கேபர்னே சோவிஞோன் என்ற சிவப்பு ஒயினைத் திறந்தேன். ஒரு வாய்தான். ஆணியைச் சப்பினது மாதிரி ஒரு இரும்பு ருசி, மீன் வெடுக்கு மூக்குக்கு ஏறியது, வத்தல் காரம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. பாட்டிலின் குற்றம் இல்லை, சேர்த்த என் குற்றம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு, மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடுக்கைக் கிளப்பிவிடும், சாளை மாதிரி நெய் உள்ள மீன் என்றால் கேட்கவே வேண்டாம். ஒயினின் துவர்ப்பும் அதில் உள்ள சாராயமும் காரத்தை ஏற்றிவிடும். இன்னொன்று புளி. குழம்பைவிட ஒயினில் புளிப்பு குறைவாக இருந்தால் ஒயின் சப்பென்று தண்ணீராகிவிடும். நம் வீட்டுப் புளிக் கரைசலோடு போட்டி போட்டு ஜெயிக்கிற ஒயின் ரொம்பக் கொஞ்சம்.

அடுத்த வாரம் அதே குழம்புக்குச் சூலாவின் சின்ஃபாண்டல் ரோஸ் வைத்தோம். இளஞ்சிவப்பு நிறம், பழ வாசம், குளிர்ச்சி, துவர்ப்பு கிடையாது. பிரமாதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சண்டை போடவில்லை. காரத்துக்கு நடுவில் வாயை அலசிவிட்டு அடுத்த உருண்டைக்குத் தயாராக்குகிறது. மதினி இதைத்தான் முதல் என்றார். பொரித்த மீன் என்றால் கதை வேறு, அதற்குச் சோவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் போதும். நெத்திலியை அரிசி மாவு தூவி மொறுமொறுவென்று பொரித்து எலுமிச்சை பிழிந்து கொறித்துக்கொண்டே குடிக்கலாம், பச்சை மிளகாய், கொத்தமல்லி வாசத்தோடு நன்றாகவே ஒட்டுகிறது.

சிவப்பு ஒயினுக்கு நம் சாப்பாட்டில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் எதிர்பார்க்காத இடத்தில். உளுந்தம்பருப்புச் சோறு. தோலோடு வறுத்த கருப்பு உளுந்து, முழுப்பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ போட்டுப் பொங்கினது, கூட எள்ளுத் துவையல். கறி ஒரு துண்டு இல்லை. குரோவர் கம்பெனியின் லா ரெசர்வ் என்ற சிவப்பு ஒயினை வைத்தேன். பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் செய்வது, கேபர்னே சோவிஞோனும் ஷிராஸும் கலந்தது, நான் பார்த்ததில் இது கொஞ்சம் விலை கூடினது. வறுத்த எள்ளின் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் ஒன்றை ஒன்று அடக்கிவிட்டன. உளுந்தின் கொழகொழப்பு அந்தத் துவர்ப்பைப் பஞ்சாக உறிஞ்சிக்கொண்டது. துவையலில் வத்தலைக் குறைத்து அரைக்கச் சொன்னேன், அதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, மிளகு போட்டு வறுத்த நாட்டுக்கோழி. வத்தல் கிடையாது, மிளகும் சீரகமும் நல்லெண்ணெயும்தான். இதற்கு ஃபிராடெல்லியின் ஷிராஸ். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில், இத்தாலிய அண்ணன் தம்பிகளும் நம் நாட்டு அண்ணன் தம்பிகளும் சேர்ந்து தொடங்கியது, ஃபிராடெல்லி என்றால் இத்தாலிய மொழியில் சகோதரர்கள். ஷிராஸ் திராட்சையில் மிளகு வாசம் வருகிறது என்று சொல்வது சும்மா வர்ணனை இல்லை, மிளகுக்கு வாசம் கொடுக்கிற ரோட்டண்டோன் என்ற பொருளே அதிலும் இருக்கிறது. எலும்பைக் கடித்துவிட்டுக் குடித்தால் கிளாஸுக்குள் யாரோ மிளகைத் தட்டிப்போட்டது மாதிரி இருக்கும். அதே கோழியைக் குழம்பாக வைத்த அன்று, அதே ஒயின், ஒன்றுக்கும் ஆகவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்தே வீண். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் ஊற்றச் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாக்காரன் வீட்டு அறை, 16, 18 டிகிரி. சித்திரை மாதம் நம் வீட்டு அறை வெப்பத்தில் ஊற்றினால் கஷாயம். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாங்கும்போதும் பாருங்கள். போன கோடையில் வெளியூரில் ஒரு கடையில், ஊரும் வேண்டாம் பேரும் வேண்டாம், ஜன்னல் வெயில் விழுகிற தட்டில் நின்ற பாட்டில் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் கார்க் ஒரு நெல் அளவுக்கு மேலே எழும்பியிருக்கிறது. ஊற்றினால் செங்கல் நிறம், ஊறிப்போன பேரீச்சம்பழ வாடை. வெந்துபோன ஒயின். திருப்பிக் கொடுக்கப் போனால் சிரிக்கிறார்கள். அதிலிருந்து, வகை தெரியாத கடையில் திருகு மூடி பாட்டில், முடிந்தால் குளிர்பெட்டிக்குள் இருப்பது, அது இல்லையென்றால் சும்மா திரும்பி வந்துவிடுகிறேன்.

இனிப்புக்கு வந்தால், அல்வாவோடு எதுவும் சேராது, முயற்சி செய்யாதீர்கள். சாப்பாட்டு இனிப்பைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது கணக்கு, நெய் ஒழுகுகிற இருட்டு நிற அல்வாவை மிஞ்சுகிற இனிப்பு எந்தப் பாட்டிலில் இருக்கிறது? சூலாவின் லேட் ஹார்வெஸ்ட் செனின் என்று ஒன்று, பழத்தைக் கொடியிலேயே கூடுதலாகப் பழுக்கவிட்டுச் செய்வது, சின்ன பாட்டிலில் வரும், அதுவே அல்வா முன்னால் புளித்த மோராகிவிட்டது. தூத்துக்குடி மக்ரூனோடு வைத்தால் ஜோர். முந்திரியும் முட்டை வெள்ளையும் வாயில் கரைந்துகொண்டே போக, தேன் மாதிரி உள்ளே இறங்குகிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் செனின் வாங்குங்கள், சொதி வைக்கிற அன்று வாங்குங்கள். கையில் பணம் மிஞ்சினால் ரோஸ். எந்தப் பாட்டிலும் திறந்தபின் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் குடிக்க ஆகாது. அப்படி மிஞ்சிய கால் பாட்டில் ஷிராஸை, அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான், ஆட்டுக்கறியில் மிளகு, பூண்டோடு ஊற்றி ஊறவைத்து, சாராயம் போகிற வரைக்கும் வேகவிட்டுச் சுண்ட வறுத்தேன். கரண்டியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவள் கொஞ்ச நேரம் மென்றாள்.

"புளிக்கவும் இல்ல, புளிக்காமலும் இல்ல. இன்னொரு துண்டு வைலே, பாப்போம்."