ரத்தக்கட்டு கரைய ‘செட்’ என்று விற்கிறார்கள்: கபடி ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகள் கவனிக்கவும்

மதுரை நகருக்குள் ஜிம் ஒன்றை ஒட்டியிருக்கும் சப்ளிமெண்ட் கடையில், ‘ரத்தக்கட்டு சீக்கிரம் கரையும், உடம்பு இரும்பாகும்’ என்று சொல்லி என் தங்கை மகனுக்கு 7,400 ரூபாய்க்கு ஒரு ‘செட்’ விற்றார்கள். அதைச் சாப்பிட்டதில் ரத்தக்கட்டு கூடியதுதான் மிச்சம். கபடி, ஜல்லிக்கட்டு, பாக்ஸிங் என்று அடிபடும் விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

பையனுக்கு 19 வயது. மேலூர்ப் பக்கத்துத் திருவிழாக் கபடி ஒன்றையும் விடமாட்டான். கார்னர் ஆள். ரெய்டு வருகிறவன் காலை மறித்துப் பிடிக்கிறவனுக்குத் தொடை, முன்கை, விலா எல்லாம் கன்றிப்போவது வழக்கம்தான். ஆனால் சீசனில் ஒரு கட்டு மஞ்சளாக மாறுவதற்குள் அடுத்தது நீலமாக ஏறிவிடும். அந்தக் கவலையில்தான் கடைக்குப் போயிருக்கிறான்.

அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஆலோசகர் என்று உட்கார்ந்திருந்தாராம். கையைப் பார்த்த உடனே, “தம்பி, உனக்கு ரத்தக்குழாய் வீக்கா இருக்கு. இப்படியே விட்டா ஸ்டேட் செலக்‌ஷன் வரைக்கும் உடம்பு தாங்காது” என்று சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிடுகிறாய், வேறு மாத்திரை எடுக்கிறாயா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா, வீட்டில் யாருக்காவது ரத்தம் சீக்கிரம் நிற்காத தொல்லை உண்டா, இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே விற்றதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செட்டில் இருந்தவை: மீன் எண்ணெய் மாத்திரை, 400 ஐ.யு. வைட்டமின் ஈ, மஞ்சள் சாறு கேப்ஸ்யூல், பூண்டு கேப்ஸ்யூல், லேபிளே ஒட்டாத டப்பாவில் ஒரு பவுடர். கூடவே, வலி இருந்தால் போட்டுக்கொள் என்று தாளில் மடித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரைகள். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கிடையாது. துண்டுச்சீட்டில் பேனாவால் எழுதிய தொகை மட்டும்.

சில வாரம் போனது. என் தங்கை போன் பண்ணினாள். “அண்ணே, அடியே படாத இடத்துலகூட கன்னிப்போயிருக்கு. எச்சில் துப்புனா ரத்தமா வருது” என்றாள். அன்றைக்கே பாட்டில்களையும் மாத்திரைத் தாளையும் பையில் போட்டுக்கொண்டு அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது, டெங்கும் இல்லை. பிறகு மருத்துவர் பாட்டில்களை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, அந்த வெள்ளை மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பிரின்.

அவர் பொறுமையாக விளக்கினார். அடிபட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழியும்போது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்தால்தான் கசிவு நிற்கும். ஆஸ்பிரின் அந்த ஒட்டும் வேலையை நிறுத்திவிடும். அதன் பிடியில் சிக்கிய பிளேட்லெட் தன் ஆயுள் முடியும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, பழைய நிலைக்குத் திரும்பாது. மீன் எண்ணெய் சாதாரண அளவில் தனியாக எடுத்தால் பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் வைட்டமின் ஈ ஒருநாள் தேவையைப் போலப் பல மடங்கு ஏறினால் ரத்தம் உறைவதைத் தடுக்கலாம். செறிவூட்டிய பூண்டு, மஞ்சள் சாறுகளும் அந்தப் பக்கமே இழுக்கக்கூடியவை. இவற்றை ஆஸ்பிரினோடு சேர்த்து, தினமும் அடிபடுகிற பையன் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரத்தக்கட்டு குறைய என்று விற்ற செட்டில் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய சரக்குதான் அதிகம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகு ஈறில் ரத்தம் நின்றது, புதுக் கட்டுகளும் பழைய அளவுக்குக் குறைந்தன.

கடைக்குப் போய்க் கேட்டேன். “நாங்க மாத்திரையே விக்கிறதில்ல சார், பில் இருந்தா காட்டுங்க” என்றார்கள். பில் தராமல் விடுவதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. மருந்து விற்க உரிமம் இல்லாத இடத்தில் ஆஸ்பிரினைப் பிரித்து மடித்துத் தருவதே சட்டப்படி தப்பு.

அந்த லேபிள் இல்லாத பவுடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சப்ளிமெண்ட் டப்பாவில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கும். அப்படி எழுதியிருக்கிற பாட்டிலையே கையில் வைத்துக்கொண்டு ‘இது ரத்தக்கட்டைக் குணப்படுத்தும்’ என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம். பெயரில்லாப் பவுடரில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவது விற்றவன் அல்ல, ஆடுகிற பையன். ‘எனக்குத் தெரியாது’ என்பதை வைத்து தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ‘நாடா’ (NADA) அவனை விட்டுவிடாது. பல வருஷ உழைப்பு ஒரு டப்பாவில் போய்விடும்.

அப்படியானால் சத்துக் குறைவே இல்லையா என்றால், இருந்தது. அதை மருத்துவர் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். நம் ஊர்ப் போட்டிகள் 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவில் நடக்கிறவை. எடை பார்க்கும் நாளுக்கு முன்பு இவன் சோறு, பழம், தண்ணீர் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டியிருக்கிறான். ரத்தக்குழாய்ச் சுவருக்குப் பிடிமானம் தரும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது நீண்ட நாள் குறைந்தாலும் சும்மா தொட்டால் கன்றும், ஈறு கசியும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு தேவையில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, வளர்ந்த ஆணுக்கு ஒருநாள் தேவை 80 மில்லிகிராம்தான். இப்போது மாட்டுத்தாவணியில் வாங்கும் கொய்யாவும் நெல்லிக்காயும் வீட்டில் தீர்வதில்லை. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-க்கு முருங்கைக்கீரை போதும். கிழிந்த தசை கூடப் புரதம் வேண்டும், விளையாடுகிறவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. 60 கிலோ பையனுக்கு 72 முதல் 120 கிராம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலை என்று பிரித்துக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி தட்டிலேயே வந்துவிடும். எடை குறைக்கப் பட்டினி கிடந்தால் மட்டும் எந்தப் பவுடரும் அதை ஈடுகட்டாது.

அடிபட்ட உடனே சுடுஎண்ணெய் போட்டு உருவி விடுகிறார்களே, அதையும் நிறுத்தச் சொன்னார். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம். தொடையில் ஆழமான ரத்தக்கட்டை அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு மாதிரி கெட்டிப்பட்டுப் போகும் அபாயம் உண்டு.

அடி வாங்காத இடத்தில் கன்றினாலோ, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வந்தாலோ, தோலில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, காய்ச்சலும் சேர்ந்துகொண்டாலோ கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் நேரத்தில் வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் தானாகப் போடவே கூடாது, டெங்கு என்றால் உயிருக்கே ஆபத்து.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பவுடரைப் பற்றியும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மாத்திரையைப் பற்றியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தாயிற்று. இதே மாதிரி செட் வாங்கியவர்கள் கோபத்தில் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிச்சப் பவுடர், மாத்திரைத் தாள், துண்டுச்சீட்டு, ஜிபே-யில் பணம் போன விவரம் எல்லாம் இருக்கட்டும். மருத்துவரிடம் காட்டவும், அதிகாரி சாம்பிள் கேட்டால் கொடுக்கவும் அவைதான் வேண்டியிருக்கும்.