வளவுக்க ஓடுற விளையாட்டுக் கோச்சிக்கு (ரயிலுக்கு) பவர் சப்ளையும் கன்ட்ரோலரும்: ஒரு வருசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

முதலே சொல்லிப்போடுறன், நான் எலெக்ட்ரிகல் படிச்ச ஆள் இல்ல. கிளிநொச்சிப் பக்கம் வளவு ஒண்டு, அதுக்குள்ள ரெண்டு மாமரம், மாமரத்தைச் சுத்தி 24 மீற்றர் பித்தளைத் தண்டவாளம், அவ்வளவுதான். தண்டவாளமும் கோச்சியும் ஜேர்மனியில இருக்கிற அத்தான் பார்சல் பெட்டிக்குள்ள சொக்கிலேட்டோடயும் பழைய ஜக்கெட்டுகளோடயும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பினது. எல்லாம் எல்.ஜி.பி. எண்ட விளையாட்டுக் கோச்சிக் கம்பெனியின்ர சாமான். 1968ல ஜேர்மனியில தொடங்கினது, தண்டவாள அகலம் 45 மில்லிமீற்றர், மழைக்கயும் வெயிலுக்கயும் வெளியில கிடக்கலாம் எண்டுதான் செய்திருக்கிறாங்கள்.

இதென்னடா இந்த வயசில விளையாட்டுச் சாமான் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு. சண்டையால 1990ல நிண்ட உண்மையான கோச்சி 2013 செப்டம்பரிலதான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. என்ர வயசு ஆக்கள் தண்டவாளத்தை முதல் முதல் பார்த்தது பங்கர் கூரையில. அதால கொஞ்சம் ஆசை கூடத்தான், விடுங்கோ.

சரி விசயத்துக்கு வாறன். கோச்சி ஓட ரெண்டு சாமான் வேணும், 230 வோல்ட்டை 24க்குக் குறைக்கிற பவர் சப்ளை ஒண்டு, அதைக் கூட்டிக் குறைச்சு முன்னுக்குப் பின்னுக்கு விடுற கன்ட்ரோலர் ஒண்டு. அத்தான் அங்க பழைய சந்தையில வாங்கி அனுப்பின சின்னப் பெட்டியில ரெண்டும் ஒண்டாவே இருந்தது. அது 1 அம்பியர்தான். எஞ்சினை மட்டும் விட்டா ஓடும், லைட் எரியிற பெட்டி மூண்டைக் கொழுவினா மாமர வளைவில மூச்சு வாங்கும், பத்து நிமிசத்தில சூடாகித் தன்ர பாட்டில நிண்டிடும், பிறகு சூடு ஆறுமட்டும் சின்னவன் பக்கத்தில குந்தி இருப்பான். அங்கயும் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் தான், இஞ்சயும் அதுதான், அதால ஜேர்மன் சாமானைக் கொழுவுறதில வோல்ட் பிரச்சினை இல்ல, பிளக்தான் வேற.

பிறகு மல்ரிமீற்றரைத் தொடரில போட்டு அளந்து பார்த்தன். ரெண்டு மோட்டர் எஞ்சின் தனிய 0.8 அம்பியர், மூண்டு பெட்டியோட 1.4, வளைவில 1.9. அப்ப 5 அம்பியர் இருந்தாத் தாராளமாக் காணும். கடைப் பெடியன் ஒருத்தன் 30 அம்பியர் எடுங்கோ அண்ணை, நல்லா ஸ்பீடா ஓடும் எண்டான். அது பிழை. வேகம் வோல்ட்டில கிடக்கு, அம்பியர் எண்டது எஞ்சின் தனக்கு வேண்டினதை மட்டும் எடுக்கும். 30 அம்பியர் இருந்தா மிச்ச 28ம் சும்மா கிடக்காது, என்னைக்கு ஷோர்ட் ஆகுதோ அண்டைக்குக் காட்டும்.

நான் எடுத்த பவர் சப்ளை மீன்வெல் எண்ட கம்பெனியின்ர எல்.ஆர்.எஸ்.-150-24. 24 வோல்ட், 6.5 அம்பியர், ஓட்டை போட்ட தகரப் பெட்டி மாதிரி இருக்கும், எல்.ஈ.டி. போர்ட் அடிக்கிற ஆக்களிட்ட கேட்டாத் தெரியும். இதுக்கு நான் தாராளமா நல்ல மார்க் போடுவன். ஃபான் இல்ல, அதால சத்தம் இல்ல, தூசியை உறிஞ்சாது. பக்கத்தில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கு, அதைத் திருப்பி 21.6 வரைக்கும் குறைக்கலாம், நான் அதிலதான் வச்சிருக்கிறன், பழைய எஞ்சினுக்கு அது காணும். ஆனா வாங்கின உடன கவனிக்க வேண்டியது, பெட்டிக்குப் பக்கத்தில 115/230 எண்டு ஒரு சுவிச் கிடக்கு, அது 115ல இருக்க எங்கட கறண்ட்டைக் குடுத்தா அண்டைக்கே அதுக்குச் செத்தவீடு. இன்னொண்டு, 230 வோல்ட் வயர் கொழுவுற இடம் வெறுமனே வெளியில தெரியும், பிள்ளையள் உள்ள வீட்டில அதை ஒரு பெட்டிக்குள்ள போடாமக் கறண்ட் குடுக்கவே கூடாது, எர்த் வயரையும் விடக்கூடாது. பெட்டிக்குள்ள போட்டாலும் காத்து வரவேணும், தகரக் கூரைக்குக் கீழ வெக்கை கூடினா முழு அம்பியரும் எடுக்கேலாது. நான் விறாந்தைச் சுவரில உயரத்தில அடிச்சு, பல்லியும் எறும்பும் போகாம நுளம்புவலைத் துண்டு ஒட்டியிருக்கிறன். 230 வோல்ட் விறாந்தையோட நிக்குது, முத்தத்துக்கு இறங்கிறது குறைஞ்ச வோல்ட் மட்டும்தான். இதில மட்டும் விளையாட வேண்டாம்.

கன்ட்ரோலர்தான் பிரச்சினையின்ர வேர். நான் ஒன்லைனில எடுத்தது பேர் ஊர் இல்லாத பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர், 20 அம்பியர் எண்டு மேல அடிச்சிருக்கு, திருகிற குமிழ் ஒண்டு, முன் நிப்பாட்டு பின் எண்டு ஒரு சுவிச். விலை ரெண்டு ஊர்க்கோழிக்கும் வராது. இது வோல்ட்டைக் குறைக்காது, வாற முழு வோல்ட்டையும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டி வெட்டிக் குடுக்கும், அதால எஞ்சின் சும்மா ஊர்ந்து போகும், நத்தை மாதிரி, அந்த மெது ஓட்டம் பழைய பெட்டியில வரவே இல்ல. பல்ப் உள்ள பெட்டியள் கோச்சி அசைய முதலே மெல்ல வெளிக்கும், இரவில பார்க்க வலு வடிவு. ஆனா அத்தான் பிறகு அனுப்பின சத்தம் போடுற எஞ்சினுக்கு இது ஒத்துவரேல்ல, உள்ளுக்க டிஜிட்டல் கட்டளையை வாசிக்கிற டிகோடர் இருக்கிறதால கிணுகிணுத்து இழுத்து இழுத்து ஓடிச்சு. அப்பிடி எஞ்சின் வச்சிருக்கிற ஆக்கள் வெட்டாத சுத்த டி.சி. தாற கன்ட்ரோலர் பார்க்கவேணும், இல்லாட்டி தண்டவாளத்தாலயே எஞ்சினுக்குக் கட்டளை அனுப்புற டிஜிட்டலுக்கு முழுசாப் போகவேணும். ஒரு எஞ்சினுக்கு டிஜிட்டல் தேவையில்ல எண்டது என்ர எண்ணம்.

இனி முதல் கன்ட்ரோலர் எரிஞ்ச கதை. ஒருநாள் பின்னேரம் கறண்ட் கட், பிள்ளையள் விடமாட்டம் எண்டிட்டுதுகள், நான் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின்ர பற்றரி ஒண்டும் சித்தப்பாவின்ரய ஒண்டும் எடுத்து ரெண்டு 12ஐயும் தொடரில போட்டு 24 ஆக்கி நேர கன்ட்ரோலருக்குக் குடுத்தன். 2022ல 13 மணித்தியாலக் கட்டுக்கயும் லைட் எரிச்ச ஆக்கள் நாங்கள், பற்றரி எண்டாப் பயமில்ல. ஒரு அரைமணித்தியாலம் சோக்கா ஓடிச்சு. பிறகு வளைவில எஞ்சின் தடம்புரண்டு சில்லு ரெண்டு தண்டவாளத்தையும் தொட்டுது. டிக் எண்டு ஒரு சத்தம், பிளாஸ்டிக் எரியிற மணம், வயர் தொடேலாத சூடு. ஓடிப்போய்ப் பற்றரியைக் கழட்டி எல்லாம் சரிப்பண்ணி, குமிழைப் பூச்சியத்தில வச்சுத் திரும்பக் கொழுவினா கோச்சி முழு வேகத்தில பாய்ஞ்சு போய்ச் செவ்வரத்தைக்குள்ள விழுந்துது. உள்ளுக்க கறண்ட்டை வெட்டுற மொஸ்ஃபெட் எண்ட சாமான் எரிஞ்சா அனேகமா அப்பிடித்தான், கதவு திறந்தபடி சிக்கின மாதிரி, பிறகு குமிழுக்கு ஒரு வேலையும் இல்ல.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒராள் கேட்டார், ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, ஏன் விழேல்ல எண்டு. பற்றரிக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பற்றரியை விடுங்கோ, பவர் சப்ளையில ஓடேக்கயும் அது 24 வோல்ட் பக்கம் நடக்கிறதைப் பார்க்காது, அது 230 பக்கம் கறண்ட் நிலத்துக்குக் கசியுதோ எண்டு மட்டும்தான் பார்க்கும். மீன்வெல் தானே ஷோர்ட்டைக் கண்டு நிப்பாட்டும், ஆனா விக்கல் எடுக்கிற மாதிரி நிப்பாட்டித் திரும்ப முயற்சிக்கும், அதுக்கும் 7 அம்பியருக்கு மேல போகவேணும், அதுக்கிடையில எஞ்சினுக்குள்ள இருக்கிற மயிர் மாதிரி வயர் தாங்குமோ?

அதால கன்ட்ரோலர் எடுக்கிற ஆக்கள் எத்தினை அம்பியர் எண்டு பார்க்கிறதை விட, ஷோர்ட் ஆகேக்க அது என்ன செய்யும் எண்டு முதல் கேளுங்கோ. வீட்டுக்குள்ள மேசையில ஓடுற கோச்சிக்கு மாசத்துக்கு ஒருக்கா ஷோர்ட் வரும், வளவுக்க ஒவ்வொருநாளும் வரும். ஆணி விழும், வேலிக்கம்பித் துண்டு விழும், சின்னவன் கரண்டியை வைப்பான். கம்பெனிக்காரர் கோச்சிக்கெண்டே செய்யிற கன்ட்ரோலர்களுக்குள்ள வழமையா இந்தப் பாதுகாப்பு இருக்கும், மலிவுச் சாமானில இல்ல, விலை வித்தியாசத்தில பெரும்பகுதி அதுக்குத்தான்.

காசில்லாத எங்களுக்கு ஒரு பழைய வழி இருக்கு, லொறி பல்ப். கராஜ் அண்ணையிட்ட போய் 24 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்ப் மூண்டு கேட்டன், எந்த லொறிக்கு தம்பி எண்டார், கோச்சிக்கு எண்டன், சிரிக்காமத் தந்தார். மூண்டையும் சமாந்தரமாக் கட்டி கன்ட்ரோலருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில ஒரு வயரில போட்டன். குளிர்ந்து கிடக்கேக்க பல்ப்பின்ர தடை வலு குறைவு, எஞ்சின் தனிய ஓடுறதில பெரிய வித்தியாசம் தெரியாது, பெட்டியளோட வளைவில போகேக்க சோரும். ஷோர்ட் ஆனா பல்ப் மூண்டும் பளிச்செண்டு எரியும், மூண்டும் சேர்ந்து எடுக்கிறது ரெண்டரை அம்பியர் சொச்சம்தான், அதுக்கு மேல போகாது. ஒண்டும் எரியாது, விறாந்தையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே கோச்சி பிரண்டதைக் கண்டுபிடிக்கலாம். பற்றரியில ஓடுறதெண்டா இதோட பற்றரி முனையிலயே 5 அம்பியர் பியூஸ் ஒண்டும் கட்டாயம் போடவேணும்.

வயரைப் பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டா நான் முதல் ரெண்டு கிழமை கன்ட்ரோலரைப் பேசினது வயரின்ர பிழைக்கு. விறாந்தையில இருந்து தண்டவாளத்துக்கு 10 மீற்றர், போக வர 20. மெல்லிய 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டனான், 3 அம்பியரில ஒண்டரை வோல்ட்டுக்குக் கிட்ட வயரிலயே போயிடும். 2.5 வயரில அரை வோல்ட்டும் போகாது. பிறகு வட்டத்துக்கு எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சோடி இழுத்தாப் பிறகுதான் கோச்சி எல்லா இடத்திலயும் ஒரே வேகம். பித்தளை கறுத்தாலும் கறண்ட் ஏறாது. மனிசி விளக்குக்குப் பூசுற மாதிரிப் பழப்புளியால தேய்ச்சா, பளபளவெண்டு வந்தது உண்மை, ஆனா வடிவாத் தண்ணியால கழுவித் துடைக்காட்டி இணைப்புகளுக்குள்ள பச்சை பிடிக்கும், அதை நான் வேற கதையா அனுபவிச்சன்.

கடைசியாக் குறை எண்டா, அந்த மலிவுக் கன்ட்ரோலரின்ர முன்/பின் சுவிச். ஓட ஓட மாத்தினா மோட்டருக்கும் கியருக்கும் கூடாது, நிப்பாட்டி ஒரு மூச்சு விட்டு மாத்தவேணும், அதைப் பிள்ளையளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மேல பிளாஸ்டர் ஒட்டி "பொறு" எண்டு எழுதி வச்சிருக்கிறன். ரெண்டாவது கன்ட்ரோலர் எட்டு மாசமா ஓடுது, மூண்டாவது அலுமாரிக்குள்ள கிடக்கு. ஐப்பசி மழை தொடங்க முதல் எல்லாத்தையும் கழட்டி உள்ளுக்க வைக்கிறன், தண்டவாளம் மட்டும் வெளியில கிடக்கட்டும்.