‘தேவைக்கேற்ப’: ஒரு மாடித்தோட்டப் புத்தகத்தோடு ஆறு வருடம்

போன வாரம் அண்ணி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார். "அந்தத் தோட்டப் புத்தகம் வச்சிருக்கியே, நல்லா இருக்கா? நானும் ஒண்ணு வாங்கிடவா?" என்றார். சரியாக அன்றைக்குத்தான் புத்தகம் பைண்டிங் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது. இருந்த கோபத்தில், "அப்புறம் சொல்றேன் அண்ணி" என்று வைத்துவிட்டேன். இது அந்த அப்புறம்.

2020 ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியது. விலை 250, பத்து சதவீதக் கழிவு போக 225. முன்பாதி காய்கறி, பின்பாதி வீட்டுக்குள் வைக்கும் செடிகள். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த ரகப் புத்தகங்களில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன, ஒன்றை மட்டும் பிடித்துச் சாத்துவது நியாயமில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளோடு ஆரம்பித்தேன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. புத்தகம் மண்ணிலும் தண்ணீரிலும் புரண்டு, முதுகு விட்டுப்போய், 47ஆம் பக்கம் ஒருநாள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்த பிறகுதான் பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.

என் சண்டை ஒரே ஒரு சொல்லோடுதான்: ‘தேவைக்கேற்ப’. கத்தரிக்குத் தேவைக்கேற்ப நீர் ஊற்றவும். வெண்டைக்குத் தேவைக்கேற்ப. மணி பிளான்டுக்கு, கற்றாழைக்கு, கொத்தமல்லிக்கு, எல்லாவற்றுக்கும் தேவைக்கேற்ப. ஒரு மழைநாளில் பென்சிலை எடுத்து எண்ணினேன். 43 இடம். தேவை எவ்வளவு என்று தெரியாததால்தானே 225 ரூபாய் கொடுத்தேன்?

இந்தச் சொல்லுக்கு முதல் பலி, ஹாலில் இருந்த பாம்புச்செடி. என்ன செய்தாலும் சாகாது என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த செடி. மேலே பார்த்தால் தேங்காய் நார்க்கழிவு காய்ந்து வெளிறிக் கிடக்கும். தேவை வந்துவிட்டது என்று ஊற்றுவேன். இரண்டு நாளில் மறுபடி காய்ந்திருக்கும், மறுபடி ஊற்றுவேன். ஒருநாள் இலையைப் பிடித்தால் கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று அழுகி ஒரே நாற்றம். நார்க்கழிவின் குணமே அதுதான். மேலே ஒரு விரல்கடை காய்ந்துவிடும், அடியில் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இதை ஒரு வரியில் எழுதியிருந்தால் அந்தச் செடி இன்றைக்கும் ஹாலில் நின்றிருக்கும். இப்போது என் வைத்தியம் ஒரு தென்னை ஈர்க்குச்சி. தொட்டியின் அடிவரை குத்தி, கொஞ்சம் பொறுத்து உருவுவேன். குச்சியில் ஈரமும் துகளும் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. பைகளுக்கு அதுகூட வேண்டாம், ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் கனமே சொல்லிவிடும்.

இரண்டாவது, தக்காளி. காய் பிடித்த பிறகு அடிப்பக்கம் கறுத்து, தோல் போல உள்வாங்கியது. புத்தகத்தைப் புரட்டினால், ‘சுண்ணாம்புச்சத்துக் குறைவு, முட்டை ஓட்டுத் தூள் இடவும்’ என்றிருந்தது. ஒரு மாதம் முட்டை ஓட்டை இடித்தேன். பால்காரர் "பேக்கரி ஏதும் வச்சிருக்கீங்களாக்கா" என்று கேட்கும் அளவுக்கு ஓடு சேர்த்தேன். அடுத்த கொத்தும் கறுத்தது. பதில் தப்பில்லை, பாதிதான். சுண்ணாம்புச்சத்து காய்க்குத் தண்ணீரோடு சேர்ந்துதான் போகிறது. ஒருநாள் வாட விட்டு, மறுநாள் வழிய வழிய ஊற்றினால், மண்ணில் எவ்வளவு இருந்தாலும் காய் வரை ஒழுங்காகப் போய்ச் சேராது. முட்டை ஓடோ மெதுவாகத்தான் கரையும், அந்தக் காய்க்குள் அது வந்து உதவப் போவதில்லை. வெயில் காலத்தில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தவறாமல் ஊற்ற ஆரம்பித்த பிறகு கறுப்பு நின்றது. புத்தகத்தில் தக்காளிக்குத் தண்ணீர் பற்றி என்ன இருக்கிறது என்று மறுபடி போய்ப் பார்த்தேன். சொல்ல வேண்டுமா?

உர அளவு வேறொரு கூத்து. மாடித்தோட்டப் புத்தகத்தில், தக்காளிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம்! உட்கார்ந்து கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வருகிறது, ஓர் அடி அகலப் பைக்குக் கிட்டத்தட்ட 180 கிராம். பரவாயில்லை, எண் என்று ஒன்று இருந்ததே, வகுத்துக்கொள்ளலாம்.

வீட்டுச்செடிப் பகுதி ஏதோ குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே இறங்கியிருக்கிறது. ‘தெற்கு ஜன்னலோரம் வைத்தால் அதிக வெயில் கிடைக்கும்’ என்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மே மாதத்தில் என் வீட்டுத் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஒரு கோடுகூட விழாது. ‘அறை வெப்பமூட்டியின் அருகே வைக்க வேண்டாம்’ என்றும் இருக்கிறது. மேடவாக்கத்தில் வெப்பமூட்டி என்றால் தலைக்கு மேல் இருக்கும் மொட்டை மாடிதான், அதற்கு அருகே வைக்காமல் எங்கே வைப்பது?

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். 62ஆம் பக்கம்.

முதல் வருடம் சுரைக்கொடி பந்தல் முழுக்கப் பூத்தது, ஒரு காய் நிற்கவில்லை. பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்து மஞ்சளாகி உதிரும். யாரைக் கேட்டாலும் மீன் அமிலம் தெளி, பஞ்சகவ்யம் ஊற்று, நுனியைக் கிள்ளு. புத்தகம் மட்டும் வேறு சொன்னது: பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. முதலில் சில நாள் ஆண் பூவாகவே வரும், பயப்பட வேண்டாம். பூசணியும் பாகலும் காலையில் பூக்கும். சுரையும் பீர்க்கும் புடலும் சாயங்காலம். சுரைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவவும்.

நான் அதுவரை காலை ஏழு மணிக்குப் போய்ச் சுருங்கிப்போன பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஆறரை மணிக்கு டார்ச்சோடு ஏறினேன். இருட்டும் நேரத்தில் வெள்ளை வெளேரென்று அத்தனையும் விரிந்திருந்தன. "பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நாலு பூவுக்குத் தடவினேன், மூன்று காயாயின. அதில் முதல் காயை அவர்தான் கூட்டு வைக்கச் சொல்லி இரண்டு கரண்டி அதிகம் சாப்பிட்டார்.

எனக்கு எரிச்சலே இதில்தான். எழுதியவர் ஒன்றும் தெரியாதவராக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். பூ விரியும் மணி வரை தெரிந்த மனிதர், கொடிக்குப் பக்கத்தில் மாலை நேரத்தில் நின்று பார்த்த மனிதர். அவரால் ஒரு பைக்கு எத்தனை செம்பு என்று எழுத முடியாதா?

அதனால் நானே ஓரங்களில் எழுதி வைத்திருந்தேன். மே மாதம் கத்தரிக்குக் காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு. ஐப்பசி மழை தொடங்கினால் நிறுத்து, பையின் ஓட்டை அடைத்திருக்கிறதா பார். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போடு. ஆறு வருடக் குறிப்பு. பைண்டிங் கடைக்காரர் ஓரங்களை நேராக்குகிறேன் என்று அரை விரல் வெட்டிவிட்டு, மிச்சத்தில் ஸ்பைரலுக்கு வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறார். ‘காலை ஒரு’ இருக்கிறது, செம்பைக் காணோம். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தேவைக்கேற்ப வெட்டியிருக்கிறார்.

அண்ணி, வாங்க வேண்டாம். ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். ஆடியில் சுரை பூக்கும்போது கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன், ஆனால் நீங்கள் இந்த வாரம் கேட்டுவிட்டீர்கள். 62, 63ஆம் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். ஓட்டை விழுந்த இடத்தில் ‘ஐந்து மணி’ என்று படித்துக்கொள்ளுங்கள்.