புது பேட்டரி செல் என்று வாங்கினேன், வந்தது யாரோ கழித்துப் போட்ட லேப்டாப் பேட்டரி

எட்டு செல்லின் காசு போச்சு. நானே கட்டிய ஸ்பீக்கருக்கு ஆன மொத்தச் செலவில் பாதி அது. இன்று காலைதான் கடைசி பதிலும் வந்தது, அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர், எம்.டி.எஃப் பலகையில் நானே அறுத்து ஒட்டிய பெட்டி, ஒலியைப் பெருக்க ஒரு கிளாஸ் டி ஆம்ப் போர்டு, 3எஸ் 2பி பேட்டரி பேக், அதாவது இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் (2பி) சேர்த்த மூன்று ஜோடியைத் தொடராக (3எஸ்) கட்டியது. அதற்கு 18650 என்கிற உருளை லித்தியம் செல் ஆறு வேண்டும், கையிருப்புக்கு இரண்டு சேர்த்து எட்டு. பலரும் வந்து விற்கிற ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில்தான் வாங்கினேன், பேர் சொல்லப் போவதில்லை. கொள்ளளவு 9,900 எம்.ஏ.ஹெச் என்று அச்சடித்து விற்கிற கூத்தெல்லாம் எனக்குத் தெரியும், அந்த அளவில் அவ்வளவு கொள்ளாது. எனக்கு விற்றவன் 3,500 என்றுதான் போட்டிருந்தான், நம்பும்படியான எண். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேள்வி அனுப்பினேன், உடனே பதில். "என்ன ஆம்ப் ப்ரோ? பேஸ் அதிகம் வைப்பீங்களா? அப்போ 2பி போடுங்க, பி.எம்.எஸ் கண்டிப்பா வையுங்க." பி.எம்.எஸ் என்பது செல்லின் வோல்ட்டேஜ் ரொம்ப இறங்கினால் மின்சாரத்தைத் துண்டித்துக் காக்கும் சின்ன போர்டு. என் வேலையில் இவ்வளவு அக்கறை காட்டுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

வந்த செல்களின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. புதுசு, அதான் மின்னுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்ட் அடித்து, பெட்டியை மூடி, 12.6 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றிப் பாட்டுப் போட்டால் மெதுவாகப் பாடும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒலியைக் கூட்டி முதல் டிரம் அடி விழுந்ததும் கப்பென்று நின்றுவிட்டது. சார்ஜரைச் செருகினால் உயிர் வரும், மறுபடி அடி விழுந்தால் போய்விடும். ஆம்ப் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு ஜோடி மட்டும் ஒவ்வொரு அடிக்கும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே சரிகிறது. பி.எம்.எஸ் அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது, பாவம்.

வெல்ட் அடிக்காத அந்த இரண்டு செல்லையும் எடுத்து விளக்கடியில் பார்த்தேன். பளபளப்பு முழுக்க ஒரே திசையில் கீறல், அரம் போட்டுத் தேய்த்த கீறல். அதற்கடியில் பழைய வெல்ட் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன, ஏதோ பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல். மேலுறையை உரித்தால் உள்ளே இன்னொரு பழைய உறை. கொள்ளளவு அளக்கும் டெஸ்டரில் போட்டு சார்ஜை இறக்கினால் ஒன்று 1,140 எம்.ஏ.ஹெச், இன்னொன்று ஆயிரம்கூட வரவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். ப்ரோ போய் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" வந்தது. முதலில் சார்ஜர் சரியில்லை என்றான், அப்புறம் வெல்ட் அடித்துவிட்டதால் வாரண்டி கிடையாது என்றான். பேக் கட்ட விற்கிற செல்லை வெல்ட் அடிக்காமல் பசை போட்டா ஒட்டுவார்கள்? வெல்ட் அடிக்காத இரண்டைக் காட்டியதற்குப் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால், திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டதாம், தவிர "படத்தில் சேதம் எதுவும் தெரியவில்லை" என்று புகாரை மூடிவிட்டார்கள். கொள்ளளவு குறைவாக இருப்பது படத்தில் எப்படி ஐயா தெரியும்? எட்டு செல்லின் காசு, மூன்று வரி பதிலில் முடிந்தது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பார்சல் வந்த அன்றே அடிப்பக்கத்தைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். எல்லா செல்லும் ஏறத்தாழ ஒரே வோல்ட்டேஜ் காட்டுகிறதா என்று பாருங்கள், எனக்கு வந்ததில் ஒன்று 3.6, ஒன்று 2.9, அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெல்ட் அடிக்கும் முன் இரண்டையாவது டெஸ்டரில் இறக்கிப் பாருங்கள், அதுவும் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள். பி.எம்.எஸ் இல்லாமல் மட்டும் கட்டாதீர்கள், இந்த மாதிரி செல் சூடேறித் தீப்பிடித்தால் வீட்டோடு போகும்.

எட்டு செல்லும் இப்போது வெளியே ஒரு மண் சட்டியில் கிடக்கின்றன. பெட்டி மேஜை மேல் காலியாக இருக்கிறது.