ஐந்து நாள் தனிநடனப் பட்டறை: முதுகைக் காட்டிய செல்லோக்காரர்

தனியாக ஆடுபவர்களுக்கான இம்ப்ரொவைசேஷன் (முன்பே தீர்மானிக்காமல் அந்தந்த நொடியில் ஆடுவது) பட்டறை என்று அறிவித்திருந்தார்கள். தனியாக ஆடக் கற்றுக்கொள்ள இன்னும் பதின்மூன்று பேரோடு எதற்குச் சேர வேண்டும் என்ற சந்தேகத்தோடுதான் போனேன்.

முதல் இரண்டு நாளும் சுமார். கண்ணை மூடி நடப்பது, மூச்சைக் கவனிப்பது, எல்லாம் ஏற்கெனவே செய்து சலித்தவை. மூன்றாம் நாள் செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) வாசிப்பவர் வந்தார். நான் கையைத் தூக்கினால் அவர் சுருதியை ஏற்றினார், நான் நின்றால் அவரும் நின்றார். எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆசிரியை இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டார். "இவர் உங்களைக் காப்பி அடிக்கிறார். நீங்கள் இன்னும் தனியாகத்தான் ஆடுகிறீர்கள்" என்றார்.

அப்புறம் செல்லோக்காரரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். ஆறு நிமிட ஆட்டம். இருவரும் நடுவில் ஒருமுறை முழுதாக நிறுத்த வேண்டும். எப்போது என்பது அவரவர் இஷ்டம். அவர் நிறுத்தியபோது நான் பாதிச் சுழற்சியில் இருந்தேன். பாதம் தரையில் உரசும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அந்த இடது பக்கத் திருப்பத்தை நான் எத்தனை முறை செய்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இசை அதை மூடி மறைத்திருக்கிறது.

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியாக உருவாக்கியது ஏன் என்று அன்று கொஞ்சம் புரிந்தது. (கன்னிங்ஹாமின் அசைவுகள் பெரும்பாலும் முன்பே தீர்மானித்தவை, அது வேறு கதை.)

நான்காம் நாள் அமெரிக்க நடன அமைப்பாளர் டெபோரா ஹே பற்றிய பேச்சு. 1998 முதல் 2012 வரை, ஒரே தனிநடனத்தைப் பலருக்குக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவரும் மாதக்கணக்கில் தனியே பயிற்சி செய்து தன் வடிவத்தை மேடையேற்றும் திட்டத்தை அவர் நடத்தினார். எங்களுக்கும் நான்கு வரிக் குறிப்பு ஒன்று கிடைத்தது. பதினான்கு பேர் ஆடினோம், இரண்டு ஆட்டம்கூட ஒன்றுபோல் இல்லை.

குறைகள் உண்டு. சிமெண்டின் மேல் வெறும் வினைல் விரிப்பு, முழங்கால் வீங்கிவிட்டது. செல்லோவோடு எனக்குக் கிடைத்தது மொத்தம் பதினெட்டு நிமிடம். கடைசி நாள் நிகழ்ச்சிக்கு ஒளியமைப்பாளர் ஒரு மணி நேரம் முன்னால்தான் வந்தார், ஒரே வெளிச்சத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரையும் மூன்றாம் நாளே அந்த ஆட்டத்துக்குள் இழுத்திருக்க வேண்டாமா?

எட்டுப் பேருக்குமேல் சேர்க்காவிட்டால் மறுபடி போவேன். முழங்கால் உறை எடுத்துப் போங்கள்.