வழக்கறிஞரா, விவரம் தெரிந்தவரா?

சட்டச் சிக்கல் வந்தால் வழக்கறிஞரிடம் போவதா, 'இதெல்லாம் எனக்கு அத்துப்படி' என்று படிவம் நிரப்பித் தருபவரிடம் போவதா? செலவை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் தோது. நீங்கள் சொல்வதை அப்படியே எழுதித் தர அவர் போதும், அதில் தப்பும் இல்லை.

ஆனால் எந்த உரிமையைக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று அவர் சொல்லத் தொடங்கினால் அது சட்ட ஆலோசனை. அமெரிக்க மாநிலங்களில் உரிமம் இல்லாதவர் அதைச் செய்வது பொதுவாகச் சட்டவிரோதம். இங்கிலாந்தில் நிலைமை வேறு: 2007ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றத்தில் வாதாடுவது போன்ற சில வேலைகளைத்தான் உரிமம் பெற்றவர்களுக்கென ஒதுக்குகிறது. வெறும் ஆலோசனைக்குப் பெரும்பாலும் தடையில்லை.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது இன்னொன்று. வழக்கறிஞரிடம் ஆலோசனைக்காகச் சொன்ன ரகசியத்துக்குப் பொதுவாகச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மற்றவரிடம் சொன்னதையோ, அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியே கேட்டுவிடலாம். அப்புறம், வழக்கறிஞர் கோட்டைவிட்டால் (விடுவார்கள், அது தனிக் கதை) உரிமத்தைப் பறிக்கச் சொல்லிப் புகார் தரலாம். மற்றவரிடம் பறிப்பதற்கு உரிமமே கிடையாது.