கார் வேண்டாம், சரி, எந்தச் சைக்கிள்?

சென்னையில் காரை விற்றுவிட்டு இனி சைக்கிள்தான் என்று முடிவெடுப்பவர்கள் நேராகக் கியர் சைக்கிள் கடைக்குப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஞாயிறு காலை ஈசிஆரில் மிதிக்க அது நல்ல வண்டி. அரிசி, காய்கறி, ஆபீஸ், மழை எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்றால் கணக்கு மாறுகிறது.

மேம்பாலமும் சுரங்கப்பாதையும் போக, சென்னை பெரும்பாலும் சமதளம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே அடிக்கும்போதுதான் கியருக்கு உருப்படியான வேலை. பல மாடல்களில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் வராது; தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் ஆபீஸ் போனால் முதுகு முழுக்கச் சேறு. டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வ் இருந்தால் தெருமுனை பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

28 அங்குலச் சக்கரம் வைத்த அந்தப் பழைய பாணிக் கறுப்பு சைக்கிளை யாரும் சீந்துவதில்லை. 20 கிலோ வாக்கில் கனக்கும், வேகமும் வராது. ஆனால் முழுச் செயின் கவர் இருப்பதால் வேட்டியோ பேன்ட்டோ மாட்டாது. 25 கிலோ அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டி ஸ்டாண்டு போட்டால் அசையாமல் நிற்கும். எந்தத் தெருவிலும் ரிப்பேர் பார்ப்பார்கள். ஒரே பெரிய குறை: இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழையில் மெதுவாகத்தான் போக வேண்டும்.

பேட்டரி சைக்கிளின் பெரிய பலம் வெயிலில்தான் தெரியும். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேல் போகாத ரகத்துக்கு லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. கத்திரி வெயிலிலும் சட்டை அவ்வளவாக நனையாமல் போய்ச் சேரலாம். அப்புறம்தான் சிக்கல்: முழங்கால் தண்ணீரில் மோட்டாரை இறக்க மனசு வராது, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் போனால் பஞ்சர் கடைக்காரர் கைவிரித்துவிடுவார், நாலைந்து வருடத்தில் புது பேட்டரிச் செலவு வேறு.

அன்றாடப் போக்குவரத்து ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் என் ஓட்டு கறுப்பு வண்டிக்கு. பத்தைத் தாண்டினால் பேட்டரி. கியர் எனக்கு மூன்றாமிடம்தான். தாம்பரம் - கடற்கரை ரயில் தடத்தின் பக்கத்தில் வீடு இருந்தால் பேட்டரிக்குப் பணம் போடுவதற்கு முன் யோசியுங்கள். சாதாரண சைக்கிளை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டு, சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டால் செலவும் குறைவு, வியர்வையும் குறைவு.